சப்ஸ்டேஷன் யார்டில் நிற்கும் இது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சிக்கு வரும் டிப்ளமோ மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கேங்மேன்கள், துணை மின் நிலையத்தை ஒட்டி வீடு கட்டியவர்கள், ரயில் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்து கேட்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் 110, 230 கே.வி. (கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட்) திறந்தவெளி யார்டுகளிலிருந்து எடுத்தவை. வேலியைத் தாண்டாமலே இதில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம்.

எல்லாமே பழுப்பு நிறப் பீங்கான் தூணாகத் தெரிகிறது. எதை வைத்துப் பிரிப்பது?

உருவத்தை முதலில் விட்டுவிடுங்கள். கம்பி எந்த இடத்தில் வந்து சேர்கிறது, எந்த இடத்திலிருந்து வெளியே போகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரே வேலைக்கான கருவியை ஒரு கம்பெனி குண்டாகச் செய்யும், இன்னொன்று ஒல்லியாகச் செய்யும். பீங்கானுக்குப் பதில் சாம்பல் நிறப் பாலிமர் உறை வந்துவிட்டால் போன வருடம் பார்த்த கருவியே அடையாளம் தெரியாது. ஆனால் சுற்றில் அது இணைந்திருக்கும் விதம் மாறாது.

தூணின் உச்சியில் ஒரே ஒரு கம்பி வந்து தொட்டு அங்கேயே முடிந்தால், அது மின்னழுத்தத்தை அளக்கும் கருவி (பி.டி. அல்லது சி.வி.டி.), இல்லையென்றால் இடிதாங்கி அரெஸ்டர். உச்சியில் இருக்கும் தலைப்பகுதியின் ஒரு பக்கம் கம்பி நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. ஒரு கம்பி உச்சியிலும் மற்றொன்று தூணின் நடுப்பகுதியிலும் இணைந்திருந்தால், கோளாறு நேரத்தில் மின்னோட்டத்தை அறுக்கும் பிரேக்கர். இரண்டு மூன்று தூண்களுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு அலுமினியக் கை படுத்திருந்தாலோ விரிந்திருந்தாலோ, சுற்றைப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர். கம்பி மேலே உட்கார்ந்துவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால், தூணின் அடியிலும் எந்தப் பெட்டியும் இல்லையென்றால், அது வெறும் தாங்கு இன்சுலேட்டர்.

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டால் யார்டில் நிற்கும் தூண்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம். அடுத்ததாகத் தூணின் அடியைப் பாருங்கள். அளவைக் கருவி என்றால் அடியில் ஒரு பெட்டி இருக்கும், அதிலிருந்து ஒயர் குழாய் இறங்கி கேபிள் வாய்க்கால் வழியாகக் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். அரெஸ்டருக்கு அந்தக் குழாய் கிடையாது. எர்த் பட்டை மட்டும்தான்.

கருவிகள் நிற்கும் வரிசைக்கு ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. வெளியிலிருந்து லைன் வந்து இறங்கும் இரும்புச் சட்டத்தை யார்டில் கேன்ட்ரி என்பார்கள். அங்கிருந்து உள்ளே நடந்தால் வழக்கமாக அரெஸ்டர், சி.வி.டி., அலைத்தடுப்பான் எனப்படும் வேவ் டிராப், எர்த் சுவிட்சோடு சேர்ந்த லைன் ஐசொலேட்டர், சி.டி., பிரேக்கர், பஸ் ஐசொலேட்டர், கடைசியில் எல்லா லைன்களும் மின்மாற்றிகளும் வந்து சேரும் பொதுக் கம்பியான பஸ்பார். நிலையத்துக்கு நிலையம் ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். அரெஸ்டர் மட்டும் கிட்டத்தட்ட எப்போதும் வாசலில்தான் நிற்கும். லைனில் ஓடிவரும் இடி அலை மற்ற கருவிகளைத் தொடுமுன் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் அதன் வேலை.

ஒரு லைனுக்கோ ஒரு மின்மாற்றிக்கோ உரிய இந்த முழு வரிசைக்கு ‘பே’ என்று பெயர். தெரியாத கருவி ஒன்று இருக்கிறது என்றால், அது எந்த பேயில், எதற்கும் எதற்கும் நடுவே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். மூன்று பேஸுக்கும் ஒன்று ஒன்றாக மூன்று இருக்கிறதா, ஒன்றே ஒன்றா என்பதையும் கூடவே எண்ணிவிடுங்கள். அது ஏன் என்பது வேவ் டிராப் கேள்வியில் வருகிறது.

வெளியிலிருந்து பார்த்து இது எத்தனை கே.வி. என்று சொல்ல முடியுமா?

லைனைப் பிடித்திருக்கும் இன்சுலேட்டர் தட்டுகளை எண்ணுங்கள். 11 கே.வி.க்கு ஒன்று அல்லது இரண்டு, 33 கே.வி.க்கு மூன்று, 110 கே.வி.க்கு ஏழு முதல் ஒன்பது, 230 கே.வி.க்கு பதின்மூன்று முதல் பதினைந்து, 400 கே.வி.க்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று போகும். கடலோரத்தில் உப்புப் படிவதால் ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அல்லது அடிப்பக்கம் ஆழமாக மடிந்த தட்டுகளாகப் போட்டிருப்பார்கள்.

பாலிமர் இன்சுலேட்டரில் இந்தக் கணக்கு வேண்டாம். அதில் இருப்பவை தட்டுகளே இல்லை, ஒரே கம்பின் மேல் நெருக்கமாக வார்த்த மடல்கள். எண்ணினால் 110 கே.வி. லைனை 400 என்று சொல்லிவிடுவோம். அந்த மாதிரி இடத்தில் கம்பிகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளியையும், ஒரு பேஸுக்கு எத்தனை கம்பி என்பதையும் பாருங்கள். 400 கே.வி.யில் ஒரு பேஸுக்கு இரண்டு அல்லது நான்கு கம்பிகள் சேர்ந்து போகும். 765 கே.வி.யில் நான்கு அல்லது ஆறு.

தமிழ்நாட்டில் புழங்குபவை 765, 400, 230, 110, 66, 33, 22, 11. பல மாநிலங்களில் 220, 132 என்று இருப்பதுதான் இங்கே 230, 110. சென்னையில் 33-உம் 11-உம் பார்க்கலாம். கோவை, மதுரைப் பக்கம் 22 கே.வி. அதிகம். இலங்கையில் 220, 132, 33, 11.

லைன் கம்பியில் பெரிய பீப்பாய் மாதிரி ஒன்று தொங்குகிறதே, அது என்ன?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பெயர் வேவ் டிராப். அலுமினியப் பட்டையைச் சுற்றிச் சுற்றிச் செய்த பெரிய சுருள். சில இடத்தில் கேன்ட்ரியிலிருந்து தொங்கும், சில இடத்தில் தாங்கு இன்சுலேட்டரின் மேலோ சி.வி.டி.யின் தலையிலோ உட்கார்ந்திருக்கும். லைனின் முழு மின்னோட்டமும் அதன் வழியாகத்தான் போகிறது.

நிலையத்துக்கு நிலையம் பேசவும், கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலேக்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பவும் தனியாக ஒயர் இழுக்காமல் மின்கம்பியையே பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. பி.எல்.சி.சி. என்பார்கள், வாரியத்தில் ‘கேரியர்’ என்றால் இதுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மேலேயே பல பத்து முதல் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரையான அலையை ஏற்றி அனுப்புவார்கள். அலையை ஏற்றுவதும் இறக்குவதும் சி.வி.டி. வழியாக. அந்த அலை லைனோடு நிற்காமல் நிலையத்துக்குள் நுழைந்தால் பஸ்பாரில் கரைந்துபோகும். அதனால் வாசலிலேயே ஒரு சுருளை வைத்துத் தடுக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸுக்கு அந்தச் சுருள் ஒரு பொருட்டே இல்லை, தாராளமாகப் போய்விடும். உயர் அதிர்வெண்ணுக்கு மட்டும் சுவர்.

அடையாளம் காண நல்ல வழி ஒன்று சொல்கிறேன். மூன்று பேஸில் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். கேரியருக்கு ஒரு பேஸோ இரண்டு பேஸோ போதும். மூன்றாவது பேஸில் வெறும் கம்பி மட்டும் போகும். யார்டில் நிற்கும் கருவிகளில் இப்படி மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் தொங்குவது அநேகமாக வேவ் டிராப்தான்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால், சுருளின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் வலை மாதிரி ஒரு மூடி தெரியும். பறவை உள்ளே போய்க் கூடு கட்டாமல் இருக்க வைத்தது. மூடி உடைந்த பழைய டிராப்களில் குச்சியும் கம்பித் துண்டும் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காக்கைக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் ஊரில் வேறு எங்கே கிடைக்கும்! சுருளின் நடுவில் செங்குத்தாக நிற்கும் சின்ன உருளைகள் டியூனிங் பகுதியும், சுருளைக் காப்பாற்றும் குட்டி அரெஸ்டரும்.

இப்போது லைனின் உச்சியில் போகும் எர்த் ஒயருக்குள்ளேயே ஒளியிழை வைத்துவிட்டார்கள். பேச்சும் தகவலும் அதில் போவதால் புது லைன்களில் வேவ் டிராப் குறைந்துகொண்டு வருகிறது. இன்னும் சில வருடம் கழித்து இந்தக் கேள்வியே வராமல் போகலாம்.

அதே மாதிரி சுருள் தரைப் பக்கமாகவும் நிற்கிறது, மூன்று பேஸிலும் இருக்கிறது. அதுவும் வேவ் டிராப்பா?

இல்லை, ரியாக்டர். பக்கத்தில் அலமாரி அடுக்கு மாதிரி இரும்புச் சட்டத்தில் சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசையாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கெபாசிட்டர் பேங்க். அதைச் சுற்றுக்குள் சேர்க்கும் நொடியில் பாயும் திடீர் மின்னோட்டத்தை அடக்கத்தான் இந்தச் சுருள். கெபாசிட்டர் பேங்க் இருப்பது பவர் பேக்டரைத் தூக்கிவிட. விவசாய மோட்டார் அதிகம் உள்ள பகுதி நிலையங்களில் இதற்கு வேலை ஜாஸ்தி.

இன்னொரு விஷயம்: சப்ளையை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உள்ளே இருக்கும் மின்தடை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிடும். அதற்கான நேரம் கொடுத்து, டிஸ்சார்ஜ் ராடு போட்டு எர்த் செய்த பிறகுதான் யாரும் கை வைப்பார்கள்.

சி.டி., பி.டி., சி.வி.டி. மூன்றையும் குழப்பிக்கொள்கிறேன். எளிய வழி?

சி.டி. மின்னோட்டத்தை அளப்பது. ஆகவே மின்னோட்டம் அதன் வழியாகப் போயாக வேண்டும். தலையில் இரண்டு முனை, ஒன்றில் பி1 என்றும் மற்றதில் பி2 என்றும் பொறித்திருக்கும். தலை பெரிதாகவும் உடல் ஒல்லியாகவும் இருந்தால் சுருள் மேலே இருக்கிறது, அடி பெருத்திருந்தால் சுருள் கீழே தொட்டியில் இருக்கிறது. இரண்டும் சி.டி.தான். உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதற்குள் எண்ணெய் விரிவதைக் காட்டும் குறி தெரியும்.

பி.டி.யும் சி.வி.டி.யும் அழுத்தத்தை அளப்பவை. லைனிலிருந்து ஒரு கம்பி தொட்டால் போதும், மறுமுனை மண். பி.டி.யில் பருத்த பீங்கானும் அடியில் எண்ணெய்த் தொட்டியும் இருக்கும். சி.வி.டி. ஒல்லியாக, உயரமாக, சதுரமான ஒரு இரும்புப் பெட்டியின் மேல் நிற்கும். உள்ளே கெபாசிட்டர்களை அடுக்கி அழுத்தத்தைப் பங்கு போட்டுக் குறைத்து, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் குட்டி மின்மாற்றிக்குக் கொடுக்கிறார்கள். 110 கே.வி.யில் ஒரே அடுக்கு, 230-இல் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. கேரியர் உள்ள லைன் என்றால் பெட்டியிலிருந்து தனியாக ஒரு கேபிள் பக்கத்துச் சின்னப் பெட்டிக்குப் போவதையும் பார்க்கலாம்.

இவற்றைப் பற்றி இரண்டு கட்டாய விதிகள் உண்டு, பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஓட்டத்தில் இருக்கும் சி.டி.யின் செகண்டரி ஒயரை, அதாவது மீட்டருக்கும் ரிலேக்கும் போகும் ஒயரைத் திறந்து விடக்கூடாது, பல ஆயிரம் வோல்ட் எழும்பிவிடும். பி.டி.யின் செகண்டரியை ஷார்ட் செய்யக்கூடாது.

அரெஸ்டரின் அடியில் கடிகாரம் மாதிரி ஒன்று இருக்கிறதே?

சர்ஜ் கவுன்டர். எத்தனை முறை இடி அலை அதன் வழியாக இறங்கியது என்று எண்ணும். கூடவே கசிவு மின்னோட்டத்தை மில்லி ஆம்பியரில் காட்டும் முள்ளும் உண்டு, பச்சை, சிவப்புப் பட்டைகளோடு. முள் சிவப்புப் பக்கம் போனால் உள்ளே இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் தளர்ந்துவிட்டன என்று சந்தேகிப்பார்கள். அரெஸ்டர் நேராக இரும்புச் சட்டத்தில் உட்காராமல் குட்டி இன்சுலேட்டர்களின் மேல் உட்கார்ந்திருப்பதும் இதற்காகத்தான். கசிவு முழுக்க கவுன்டர் வழியாகவே போக வேண்டும்.

பிரேக்கரும் ஐசொலேட்டரும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

இரண்டும் சுற்றைத் திறக்கும், அவ்வளவுதான் ஒற்றுமை. பிரேக்கர், கோளாறு நேரத்தில் பாயும் பல ஆயிரம் ஆம்பியரையும் அறுத்துவிடும். ஐசொலேட்டர் லோடில் திறக்கக் கூடாத சாதனம். பிரேக்கர் திறந்த பிறகு, கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டும் என்பதற்காகத் திறப்பது. மறந்துபோய் லோடோடு திறந்தால் கை விரிய விரிய நெருப்பு வளைந்து நீளும். அதனால்தான் பிரேக்கர் மூடியிருக்கும்போது ஐசொலேட்டர் அசையாதபடி இன்டர்லாக் வைத்திருக்கிறார்கள்.

எஸ்.எஃப்.6 என்ற வாயு நிரப்பிய 110 கே.வி. பிரேக்கர் மூன்று நேரான தூண்களாக நிற்கும். ஒவ்வொரு தூணிலும் மேல்பாதி அறுக்கும் அறை, கீழ்பாதி வெறும் தாங்கி. உச்சியிலும் நடுவிலும் கம்பி இணைவது அதனால்தான். மூன்றுக்கும் அடியில் ஒரு பெட்டி. அதன் ஜன்னலில் ஆன், ஆஃப் பலகை, ஸ்பிரிங் நிலை, இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண், வாயுவின் அழுத்தம் எல்லாம் தெரியும். 400 கே.வி.யில் ஒரு தூணின் உச்சியில் இரண்டு அறைகள் இருபுறமும் கை நீட்டினாற்போல் இருக்கும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் நிறம். இங்கே சிவப்பு என்றால் மூடியிருக்கிறது, மின்சாரம் ஓடலாம். பச்சை என்றால் திறந்திருக்கிறது. சாலை சிக்னலை நினைத்துக்கொண்டு பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வோம்.

பிரேக்கர் மூடும்போது பட்டென்று ஒரு அடி கேட்கும், உடனே சில நொடிகளுக்கு மோட்டார் கிர்ரென்று ஓடும். ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கி வைக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

ஐசொலேட்டரின் கீழே தனியாக ஒரு கைப்பிடியும், மண்ணோடு இணைந்த ஒரு கூடுதல் கையும் இருந்தால் அது எர்த் சுவிட்ச். லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) கொடுத்து வேலை நடக்கும்போது அதைத்தான் மூடி வைப்பார்கள்.

மின்மாற்றி தெரிகிறது. அதன் மேலே ஒட்டியிருக்கும் சாமான்கள்தான் தெரியவில்லை.

மேலிருந்து வருவோம். உச்சியில் படுத்திருக்கும் உருளை கன்சர்வேட்டர். எண்ணெய் சூட்டில் விரிந்தால் ஏறவும், குளிர்ந்தால் இறங்கவும் இடம். அதன் பக்கவாட்டில் இருக்கும் வட்ட முகம் எண்ணெய் அளவு காட்டி. கன்சர்வேட்டரிலிருந்து பெரிய தொட்டிக்கு லேசான சரிவில் ஒரு குழாய் வரும், அதன் நடுவே கண்ணாடி ஜன்னல் உள்ள கையடக்கமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அது புக்ஹோல்ஸ் ரிலே. 1921-இல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்ஹோல்ஸ் உருவாக்கியது, இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. உள்ளே சின்னப் பொறி விழுந்தாலும் எண்ணெய் சிதைந்து வாயு கிளம்பும். குழாய் சரிவாக இருப்பதால் வாயு மேலேறி இந்தப் பெட்டியில் தங்கும், மிதவை இறங்கும், அலாரம் அடிக்கும். பெரிய கோளாறு என்றால் எண்ணெய் ஒரேயடியாகத் தள்ளிக்கொண்டு வரும், இரண்டாவது மிதவை பிரேக்கரையே டிரிப் செய்துவிடும். யார்டில் இருக்கும் சாதனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டு மிதவை, ஒரு ஜன்னல், நூறு வருட உழைப்பு.

கன்சர்வேட்டரிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய குழாயின் நுனியில் கண்ணாடிக் குடுவையும் அதற்குள் மணிகளும் இருந்தால் பிரீதர். மின்மாற்றி மூச்சு வாங்கும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் சிலிகா ஜெல் அது. நீல மணிகள் ஈரம் குடித்தால் வெளிர் சிவப்பாகும். புதிதாக வரும் ஆரஞ்சு மணிகள் பச்சையாகவோ நிறமற்றோ போகும். குடுவையின் அடியில் ஒரு கிண்ணம் எண்ணெய் இருக்கும், காற்றில் வரும் தூசிக்கு.

பக்கவாட்டில் இரண்டு வட்ட முகங்கள், மெல்லிய குழல்களோடு: ஒன்று எண்ணெயின் சூடு, மற்றது சுருளின் சூடு. சுவரோடு ஒட்டிய தனி அறையும், அதற்குக் கீழே எண் காட்டும் பெட்டியும் ஓ.எல்.டி.சி. லோடு ஓடும்போதே டேப் மாற்றி, அதாவது சுருளின் சுற்று எண்ணிக்கையை மாற்றி, மின்னழுத்தத்தைச் சரிசெய்வது. சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் பக்கத்தில் நின்றால் டேப் ஏறும் சத்தம் கேட்கும். பழைய மின்மாற்றியில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த தடித்த குழாய் ஒன்று மேலே நிற்கும், உள் அழுத்தம் மிஞ்சினால் நுனியிலுள்ள தகடு கிழிந்து எண்ணெய் வெளியேற. இப்போது அதற்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த வால்வு.

மின்மாற்றியைச் சுற்றிச் சிவப்புக் குழாய்கள் நாசில்களோடு இருந்தால் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு. பக்கத்தில் சிவப்புப் பீரோவும் அதற்குள் சிலிண்டரும் என்றால் நைட்ரஜன் அமைப்பு. தீப்பிடிக்கும் ஆபத்து வந்தால் மேலே இருக்கும் எண்ணெயில் கொஞ்சத்தை வடித்துவிட்டு, அடியிலிருந்து நைட்ரஜனைச் செலுத்திக் கலக்கிக் குளிரவைக்கும்.

மின்மாற்றி மாதிரியே இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது. அது என்ன?

மேலே இருக்கும் புஷ்ஷிங்குகளை, அதாவது கம்பியைத் தொட்டிக்குள் கொண்டுபோகும் பீங்கான் குழல்களை, எண்ணுங்கள். மின்மாற்றி என்றால் உயரமாக மூன்று, குட்டையாக மூன்று, அதோடு நியூட்ரல். ஒரு பக்கம் மூன்றும் ஒரு நியூட்ரலும் மட்டும் இருந்து, மறுபக்கம் ஒன்றுமே இல்லையென்றால் அது ஷன்ட் ரியாக்டர். நீண்ட 400 கே.வி. லைன்களில் லோடு குறைந்த நேரத்தில் அழுத்தம் ஏறாமல் இழுத்துப் பிடிப்பது.

ரேடியேட்டரும் கன்சர்வேட்டரும் இல்லாமல், தொட்டிக்கு இரண்டாக ஆறு புஷ்ஷிங்குகளோடு மூன்று இரும்புத் தொட்டிகள் வரிசையாக நின்றால் அது பழைய எண்ணெய் பிரேக்கர். தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் 1937-இலும் ஓடத் தொடங்கியவை. மின்வாரியம் 1957-இல் வந்தது. இத்தனை தலைமுறை கடந்த வலைப்பின்னலில் ஒரே நிலையத்தில் எண்ணெய், எஸ்.எஃப்.6, வெற்றிடம் என்று மூன்று காலத்துப் பிரேக்கர்களும் அடுத்தடுத்து நிற்பது அதிசயமில்லை. கழற்றாமல் விட்டுவைத்த பழைய கருவிகளும் இருக்கும். மேலே கம்பி இணைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பெயர் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மூலையில் தனியாக ஊர்த் தெரு மின்மாற்றி அளவில் ஒன்று நிற்கும். அது ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மர், நிலையத்தின் சொந்த விளக்குக்கும் விசிறிக்கும்.

கம்பியே தெரியவில்லை, வெள்ளிக் குழாய்கள் மட்டும் இருக்கின்றன. அதுவும் சப்ஸ்டேஷன்தானா?

ஆமாம், ஜி.ஐ.எஸ். பஸ்பார், பிரேக்கர், ஐசொலேட்டர், சி.டி. எல்லாவற்றையும் எஸ்.எஃப்.6 வாயு நிரம்பிய அலுமினியக் குழாய்க்குள் அடைத்துவிட்டார்கள். காற்றில் மீட்டர் கணக்கில் தேவைப்படும் இடைவெளி அதற்குள் சில அங்குலங்களாகச் சுருங்கிவிடும். சென்னை மாதிரி மனை விலை ஏறிய ஊரில் வேறு வழியில்லை. இங்கே நான் மேலே சொன்ன ‘கம்பியைப் பார்’ விதி பலிக்காது. குழாயின் மேல் ஒட்டியிருக்கும் ஒற்றைக்கோட்டுப் படத்தையும் அறைக்கு அறை எழுதியிருக்கும் எண்ணையும்தான் நம்ப வேண்டும்.

எஸ்.எஃப்.6 நிறமும் மணமும் இல்லாதது, காற்றைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கனமானது. கசிந்தால் கேபிள் வாய்க்காலில் தேங்கும், அங்கே குனிந்தவருக்கு மூச்சுக்குக் காற்று இருக்காது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது என்பதால், மாற்று வாயு தேடும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது.

புகளூர் பக்கம் பெரிய கட்டடத்தின் சுவருக்குள்ளேயே கம்பி நுழைகிறதே?

அது நேர்மின்சார நிலையம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் தூரம் ±800 கே.வி. நேர்மின்சாரமாக, 6,000 மெகாவாட் வரை வந்து இறங்கும் இடம். அந்தக் கட்டடத்துக்குள் தைரிஸ்டர் கோபுரங்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. அங்கேதான் நேர்மின்சாரம் மாறுமின்சாரமாகிறது. சுவரில் படுக்கையாகச் செருகியிருப்பவை வால் புஷ்ஷிங். வெளியே இன்சுலேட்டர் கால்களில் நிற்கும் மாபெரும் சுருள்கள் ஸ்மூதிங் ரியாக்டர். மாடி உயரத்துக்குக் கெபாசிட்டர் அடுக்குகளாக நிற்கும் பகுதி ஹார்மானிக் பில்டர். புகளூரிலிருந்து திருச்சூருக்கு ±320 கே.வி.யில் 2,000 மெகாவாட் இணைப்பு ஒன்றும் போகிறது, 2021-இல் திறந்தது. லைனில் மூன்றின் மடங்காகக் கம்பித்தொகுதி இல்லாமல் இரண்டே இரண்டு போனால், நேர்மின்சாரமாக இருக்கலாம் என்று தூரத்திலிருந்தே யோசிக்கலாம்.

சத்தத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

ஓரளவு. ஒரே சுருதியில் வரும் ரீங்காரம் மின்மாற்றியுடையது. இரும்பு உள்ளகம் ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் 50 ஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் சத்தம் வரும். மேலே கம்பிப் பக்கம் உஸ்ஸென்றும் படபடவென்றும் கேட்பது கொரோனா, கம்பியைச் சுற்றியுள்ள காற்றில் நடக்கும் மின்கசிவு. மார்கழிப் பனியில் விடியற்காலை கூடுதலாகக் கேட்கும், வெயில் ஏறினால் அடங்கும். ஒரே இன்சுலேட்டரிலிருந்து நாள் முழுக்கச் சடசடத்தால் அழுக்கோ விரிசலோ என்று ஆபரேட்டரிடம் சொல்லலாம், கேட்டுக்கொள்வார்.

யார்டு முழுக்க ஜல்லி எதற்கு?

கோளாறு நேரத்தில் மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கும்போது, நடப்பவரின் இரண்டு பாதங்களுக்கு நடுவேயே ஆபத்தான அழுத்த வித்தியாசம் வரலாம். காய்ந்த ஜல்லி பாதத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மின்தடையைக் கூட்டுகிறது. புல் முளைக்காது, சிந்திய எண்ணெய் மேலே தேங்காது என்பவை கூடுதல் லாபம். ஆங்காங்கே எண்ணும் தேதியும் எழுதிய செங்கல் தொட்டிகள் எர்த் பிட்.

கன்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்தில் பூட்டிய அறையில் வரிசையாக பேட்டரி. இன்வெர்ட்டரா?

இல்லை. ஊரே இருண்டாலும் ரிலேயும் பிரேக்கரின் டிரிப் காயிலும் வேலை செய்ய வேண்டும். இரண்டு வோல்ட் செல்கள் ஐம்பத்தைந்து சேர்ந்தால் 110 வோல்ட் டி.சி. நிலையத்தில் எது கெட்டாலும் பொறுக்கலாம், இது கெட்டால் பாதுகாப்பே இல்லை என்பது என் எண்ணம்.

பெயர்ப்பலகையில் எதைப் படிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் படித்துக் குழம்ப வேண்டாம். 400/1 ஆம்பியர் மாதிரி விகிதம் இருந்தால் சி.டி. கே.வி.யும் வோல்ட்டும் √3-ஆல் வகுத்து எழுதியிருந்தால் பி.டி. வகை. அதோடு பைகோபாரட் அளவும் இருந்தால் சி.வி.டி. 31.5 அல்லது 40 கிலோ ஆம்பியர் அறுக்கும் திறனும் வாயு அழுத்தமும் பிரேக்கருக்கு. மில்லி ஹென்ரி இருந்தால் வேவ் டிராப்போ ரியாக்டரோ. எம்.வி.ஏ. என்று இருந்தால் மின்மாற்றி, எம்.வி.ஏ.ஆர். என்றால் கெபாசிட்டரோ ரியாக்டரோ.

கிட்டப் போய்ப் பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

அனுமதியும் கூட ஒரு ஆளும் இல்லாமல் இரண்டும் வேண்டாம். உயர் அழுத்தத்தில் தொட்டால்தான் அடிக்கும் என்றில்லை, இடைவெளி குறைந்தாலே போதும். குடை, ஏணி, நீளமான கம்பி, செல்ஃபி ஸ்டிக் எதையும் யார்டுக்குள் நிமிர்த்திப் பிடிக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் சப்ளை இல்லையே என்று உள்ளே போவதும் தப்பு. ஒரு பே நின்றிருக்கும், பக்கத்து பே ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனை பார்த்தும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எப்படிக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்?

‘பெரிய பீங்கான் சாமான்’ என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்த ஊர் நிலையம், எத்தனை கே.வி. பக்கம், லைன் பேயா மின்மாற்றி பேயா, எதற்கும் எதற்கும் நடுவே நிற்கிறது, எத்தனை பேஸில் இருக்கிறது, உச்சியில் எத்தனை கம்பி, அடியில் பெட்டியும் ஒயர் குழாயும் உண்டா என்று சொல்லுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து காட்டினால் இன்னும் நல்லது. ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டரிடம், ஹேண்டிங் ஓவர் நேரமாக இல்லாமல் பார்த்து, அந்தத் தாளை நீட்டுங்கள். கன்ட்ரோல் ரூம் சுவரில் நிலையத்தின் ஒற்றைக்கோட்டுப் படம் மாட்டியிருக்கும். அவர் விரலை வைத்துக் காட்டிவிடுவார்.